நான் எடுத்துக் கொடுத்த பெயர்

போன மாதம் கவிதா என்ற பெண் பினாங்குத் தீவில் கெலுகோரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். எழுத்தாளர் நாவாயனின் நாவல்களைக் கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கும்படி மறுபதிப்புச் செய்யும் பதிப்பகத்தில் வேலை பார்க்கிறார். வயது முப்பதுகூட இருக்காது. நான் நாவாயனிடம் இருபத்தாறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் இருந்த பெயர் அட்டைகளைப் படம் பிடித்துக்கொள்ள வந்திருந்தார்.

பதினொரு பிஸ்கட் தகரங்கள் நிறைய அட்டைகள். கவிதா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"எவ்ளோ பேருக்கா! எல்லாம் நீங்களே யோசிச்சதா?"

"கொஞ்சம் யோசிச்சது. கொஞ்சம் தேடினது."

"இப்பல்லாம் இந்த வேலையே இல்லக்கா. சோழர் காலத்துப் பேரு அம்பது வேணும்னு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா, ஒரு நிமிஷம்கூட ஆகாதுலா. அதுவே கொட்டிடும்."

"அது எங்கேர்ந்து எடுக்குது?"

கவிதா சிரித்தார். "அது யாருக்குக்கா தெரியும்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அதே நேரம் அவர் கையில் ஏழாவது தகரத்தின் நடுவிலிருந்து ஓர் அட்டை வந்திருந்தது. 'கற்பனை' என்று எழுதி, அதைக் கோடு போட்டு அடித்து, கீழே கையொப்பம் வைத்த அட்டை. நான் எட்டி வாங்கிக்கொண்டேன்.

"இது மட்டும் வேணாம்மா."

"ஏங்க்கா?"

வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

நாவாயன் என்பது புனைபெயர். அவர் துறைமுகத்தில் சுங்க இலாகாக் குமாஸ்தாவாக இருந்தவர். சரக்குப் படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்து, கடைசிவரை பென்சிலால்தான் எழுதினார். தெளிந்த நாளில் அவருடைய அலுவலக மாடியிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் பழைய கடாரத்து ஜெராய் மலை தெரியுமாம். அதைப் பார்த்துக்கொண்டே, கடாரத்தின் மேல் படையெடுத்து வந்த சோழர் கப்பல்களை வைத்து மூன்று நாவல் எழுதிவிட்டார். தஞ்சாவூரை அவர் கண்ணால் பார்த்தது ஐம்பத்தெட்டு வயதில். திரும்பி வந்து என்னிடம், "அகழியை ரொம்ப அகலமா வெட்டிட்டேன் மல்லிகா" என்றார். மொத்தம் எழுபத்து மூன்று நாவல்கள். நான் இருந்த காலத்தில் எப்போதும் மூன்று பத்திரிகைகளில் மூன்று தொடர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தொடரின் ராணி இன்னொரு தொடரின் கோட்டைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவருக்கே பெரும் பாடு.

நான் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அவருடைய பென்சில் எழுத்து அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்தது. அதுதான் என் தகுதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் என்னைத் தம் வீட்டு மாடி அறைக்கே வரச்சொல்லிவிட்டார். முதல் இரண்டு ஆண்டுகள் தட்டச்சு செய்தேன் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஒரு தளபதியின் கை வந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் வலது கையை இழந்தவன், பதினைந்தாம் அத்தியாயத்தில் வில்லை வளைத்துவிட்டான். ஈப்போவிலிருந்து ஒரு வாசகர், 'கை முளைத்ததற்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். நாவாயன் ஐயா அந்தக் கடிதத்தை என் மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து பென்சில் சீவ ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார். பென்சில் சீவுவார். அன்றைக்கு ஆறு பென்சில். கடைசியில், "இனிமே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அட்டை போட்டுரு" என்றார்.

அப்படித்தான் அட்டைகள் வந்தன. உள்ளங்கை அகலத்தில் கெட்டி அட்டை. மேலே பெயர். அடுத்து வயது, ஊர், தொழில். அதற்குக் கீழே உடம்பில் என்ன அடையாளம், எந்தக் குதிரை, யாருடைய ரகசியம் இவனுக்குத் தெரியும், எந்த அத்தியாயத்தில் சாகிறான். நாளாக ஆக, பெயர்களைத் தேடித் தருவதும் என் வேலையாயிற்று. எழுபது நாவலுக்கு ஒருவரே எத்தனை பெயரைத்தான் யோசிப்பார்? அதன் பிறகு அட்டையின் வலது மேல் மூலையில் இன்னொரு குறிப்பும் சேர்ந்தது. பெயர் எங்கிருந்து வந்தது? கல்வெட்டு, நூல், செவிவழி, கற்பனை, இந்த நான்கில் ஒன்றை எழுத வேண்டும்.

சோழர் கதை என்றால் கல்வெட்டிலிருந்து முழுப்பெயரையும் எடுக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர் வந்து சண்டை போடப் போவதில்லை. மலாயா மண்ணில் நடக்கும் கதை என்றால் அவருடைய சட்டம் வேறு. கல்லறையோ, கோயில் உபயக் கல்லோ, பழைய பத்திரமோ, எதிலிருந்தும் ஒரு பெயரை முழுசாக எடுக்கக் கூடாது. ஒரு கல்லிலிருந்து பாதி, இன்னொரு கல்லிலிருந்து பாதி.

"ஏன் ஐயா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இது சின்னத் தீவு. இங்க செத்தவங்களுக்கெல்லாம் சொந்தக்காரங்க பக்கத்துத் தெருவுல இருப்பாங்க."

நான் அந்தச் சட்டத்தைப் பல ஆண்டுகள் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தேன்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கூலிகளை ஏற்றி வந்த கப்பலைப் பற்றி ஐயா ஒரு தொடர் ஆரம்பித்தார். கோலாலம்பூர் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு பதிப்பில் வந்தது. வீட்டில் நாங்கள் அதைக் 'கப்பல் தொடர்' என்றுதான் சொல்வோம். அதில் ஒரு கங்காணி வருகிறான். ஊர் ஊராகப் போய் ஆசை வார்த்தை சொல்லி ஆள் பிடிப்பவன். கப்பலில் குடிதண்ணீர்ப் பீப்பாயைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்பவன். ஐயா சொன்னார்: "கேட்டதும் மரியாதை தோணுற பேரா இருக்கணும். அப்பதான் ஜனங்க அவனை நம்பினாங்கன்னு வாசகர் நம்புவாங்க."

என்னிடம் அப்படி ஒரு பெயர் இருந்தது. டுரியான் பழக் காலத்தில் குடும்பத்தோடு தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவ் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து ஓரமாக இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் ஒதுங்கினோம். வாசலில் ஓர் உபயக் கல். அதில் பார்த்ததைக் கைப்பையில் இருந்த ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டேன். இங்கே அதைச் சடையமுத்துக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல.

அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய். பாதியாக வெட்ட மனம் வரவில்லை. பெயர் அவ்வளவு அழகாக இருந்தது. முழுசாக எழுதினேன். தொழில் என்ற இடத்தில் கங்காணி என்றும், ஊர் என்ற இடத்தில் பாலிக் புலாவ் என்றும் எழுதினேன். ஐயா மூலையைத்தான் முதலில் பார்ப்பார் என்பது தெரியும். அதனால் மூலையில் 'கற்பனை' என்று எழுதினேன்.

ஐயா அட்டையை வாங்கிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தொடர் நன்றாக ஓடியது. கங்காணியைத் திட்டி வாராவாரம் கடிதங்கள் வந்தன. முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் அவன் பினாங்குக் கரையில் இறங்கி, பாலிக் புலாவில் நிலம் வாங்கப் போவதாகச் சொல்கிறான். அது வெளியான வாரம், சனிக்கிழமை காலையில் ஒரு பெண் வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். பாயான் பாருவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே அடுக்குமாடி வீடு. அவரைத் தெய்வானை என்று சொல்கிறேன். நெகிழி உறையில் முப்பத்திரண்டு வாரத்தையும் கத்தரித்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் உங்க கதையெல்லாம் படிக்கிறவதான். இந்தக் கங்காணி பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

"ஏம்மா?"

"எங்க பாட்டனார் பேரு இது. எங்க அப்பாவோட தாத்தா. பாலிக் புலாவ்தான். கங்காணிதான்."

கணினியில் இருந்த என் விரல்கள் நின்றுவிட்டன. முகத்தைத் திருப்பாமல் திரையைப் பார்த்தபடியே இருந்தேன்.

தெய்வானை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். மகளுக்குச் செபராங் பிறையில் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா இந்தத் தொடரை ஒரு வாரம் விடாமல் படிப்பவர். நிச்சயத்துக்கு நாள் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் மாமா எல்லார் முன்னிலையிலும், 'அந்தத் தண்ணிப் பீப்பாய்க் கங்காணி உங்க வம்சமா?' என்று கேட்டுவிட்டார். இவர்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் அந்தப் பாட்டனார் பெயரைத்தான் முதலில் போடுவது வழக்கம். இப்போது போடுவதா, விடுவதா?

"போட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. விட்டா, ஏன் விட்டாங்கன்னு கேப்பாங்க" என்றார்.

ஐயா பரிவோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து தகரத்தைத் திறந்து அந்த அட்டையை எடுத்தார். அட்டையைத் தெய்வானையின் கையில் கொடுத்தார்.

"பாருங்கம்மா. ஒவ்வொரு பேரும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாங்க எழுதி வைக்கிறோம். இது கற்பனை. பேரு ஒத்துப்போனது தற்செயல். எங்க மல்லிகா எழுதினா தப்பாது."

தெய்வானை அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

"உங்களுக்கா தோணுச்சா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஐயா எனக்காகப் பேசிவிட்டார், அவரை வெளி ஆள் முன்னால் எப்படிப் பொய்யராக்குவது என்று நினைத்தேன். அது முழு உண்மையும் இல்லை. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றேன்.

"பேரு, ஊரு, தொழிலு, மூணுமா?"

நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அட்டையை மேசையில் வைத்தார். ஒரு துண்டுத்தாளில் தம் தொலைபேசி எண்ணை எழுதி அட்டையின் பக்கத்தில் வைத்தார். "ஏதாச்சும் ஞாபகம் வந்தா கூப்பிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் மீன்காரர் மிச்சச் சில்லறை கொடுக்கக் கூப்பிட்டபோது, யாரோ என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று திடுக்கிட்டேன். தெய்வானையின் எண்ணை மூன்று தடவை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அட்டையைக் கிழித்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். கிழித்தால் கல் இருக்கிறதே. யாராவது பாலிக் புலாவுக்குப் போய்ப் பார்த்தால்?

திங்கட்கிழமை நான் அடுத்த ஞாயிறுக்கான அத்தியாயத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பீப்பாய்ச் சாவியைக் கொடுக்காததால் கப்பலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தாகத்தில் செத்ததை, உயிர் தப்பிய ஒருவன் கரையில் சொல்கிற அத்தியாயம். அந்த நாவலிலேயே சிறந்த பக்கங்கள். அதில் சடையமுத்து என்ற பெயர் பத்தொன்பது இடத்தில் வந்தது. பத்தொன்பது தடவையும் என் விரலால்தான் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் தெய்வானை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. செவ்வாய்க்கிழமை அத்தியாயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. புதன்கிழமை மாலை அங்கே பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்புவார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

புதன் காலை வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகப் போனேன். ஐயா அன்றைய பென்சில்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த அட்டை பொய்."

"எந்த அட்டை?"

சொன்னேன். அவர் கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்தார். பென்சில் சீவவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எங்க பாத்த?"

"பாலிக் புலாவ்ல, ஒரு மாரியம்மன் கோயில்ல. உபயக் கல்லு."

"முழுசாவா எடுத்த?"

"முழுசா."

"ஊரும் அதுலேர்ந்துதானா?"

"ஆமாங்கய்யா."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். பிறகு, "சனிக்கிழமை அந்தம்மாவை நான் பொய்க்காரி மாதிரி அனுப்பி வச்சேனே" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தகரத்திலிருந்து அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். 'கற்பனை' என்பதை அடிக்கச் சொன்னார். எங்கே பார்த்தேன் என்பதை எழுதச் சொன்னார். கீழே என் கையொப்பம்.

அதன்பின் பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த வாரம் அத்தியாயத்தை நிறுத்துங்கள் என்றார். மறுமுனையில் ஆசிரியர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. முப்பது ஆண்டில் ஒரு வாரம்கூட நாவாயனின் தொடர் தவறியதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த ஆள். "காரணம் சொல்ல முடியாது. 'இந்த வாரம் தொடர் இல்லை'ன்னு போட்டுருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அந்தம்மா நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியும்னு கேளு."

தெய்வானையின் வீட்டுக்கு அன்று பிற்பகல் மூன்றரைக்குப் போனோம். எட்டாவது மாடி. தெய்வானை தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. கல்யாணப் பெண் மைலோ பானம் கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் சுவரோரமாக நின்றாள். ஐயா உட்காரவில்லை.

"தப்பு எங்களோடதும்மா. பேரு உங்க கோயில் கல்லுலேர்ந்து எடுத்தது. சனிக்கிழமை நான் சொன்னது பொய். தெரியாம சொன்னேன், ஆனா பொய்."

நான் சொல்ல வேண்டியதை நான் சொல்ல வேண்டும் அல்லவா? "ஐயாவுக்குத் தெரியாது. நான்தான் எடுத்தேன். அன்னிக்கு நீங்க கேட்டப்பவும் நான்தான் மறைச்சேன்" என்றேன்.

தெய்வானை என்னைப் பார்க்கவில்லை. "உக்காருங்க ஐயா" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

வருத்தம் தெரிவித்துப் பத்திரிகையில் ஒரு குறிப்புப் போடுவதாக ஐயா சொன்னார்.

"வேணாங்கய்யா. கதை படிக்காதவங்களும் அதைப் படிப்பாங்க."

ஐயா யோசித்தார். கதை சொல்லியே பழகிய மனிதர். அவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி, இப்படிச் செய்யலாம். இவன் உண்மையான சடையமுத்து இல்ல. ஒரு நல்ல மனுஷனோட பேரைத் திருடிக்கிட்டு வந்தவன். உண்மையான சடையமுத்து பின்னால வர்றாரு. தானம் தர்மம் செய்றவர். ஜனங்களைக் காப்பாத்துறவர். உங்க பாட்டனாருக்கு நான் கோயிலே கட்டிடுறேம்மா."

தெய்வானை வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அவர் நல்லவரான்னு எனக்குத் தெரியாதுங்கய்யா."

சுவரோரம் நின்ற மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கங்காணியா இருந்தாரு. ஊர்லேர்ந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாரு. எப்படிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தாருன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது. எங்க வீட்டுல அவரைப் பத்தி எழுதினது ஒண்ணும் கிடையாது. ஒரு போட்டோகூட இல்ல. இப்ப உங்க கதை மட்டும்தான் இருக்கு. வாராவாரம் படிக்கிறப்ப, இப்படித்தான் இருந்திருப்பாரோன்னு நானே நெனக்க ஆரம்பிச்சிட்டேன். அதான் பயமா இருக்கு." அவருடைய குரல் அப்போதுதான் உடைந்தது. "நல்லவரா ஆக்க வேணாம். கெட்டவராவும் ஆக்க வேணாம். தெரியாததை எழுதாதீங்க. பேரை மட்டும் விட்டுருங்க."

"விட்டுடுறோம்மா" என்றார் ஐயா. மைலோவை எடுத்து முழுவதும் குடித்தார். அவர் சர்க்கரை நோயாளி. நான் தடுக்கவில்லை.

சொல்வது சுலபம். அடுத்த வாரம் வில்லன் பெயர் திடீரென்று மாறினால் வாசகர்கள் காரணம் கேட்பார்கள். ஏற்கெனவே படித்தவர்கள் மனத்தில் இருக்கும் பெயரையும் அழிக்க வேண்டும். ஐயா நான்கு விதமாக எழுதிப் பார்த்தார். முதல் மூன்றிலும் உண்மையான சடையமுத்து எப்படியாவது உள்ளே நுழைந்து நல்லது செய்துவிடுவார். எழுதிப் பழகிய கை அப்படி. ஒவ்வொன்றையும் கிழித்தார். வெள்ளிக்கிழமை காலையில் தாளைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மல்லிகா, அந்தப் பேரை எடுத்தப்ப மனசுல என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனக்கலங்கய்யா. அழகா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். அரைமணியில் தாள் என் மேசைக்கு வந்தது. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா கங்காணியைப் பிடித்து விசாரிக்கிறான். கங்காணி தன் உண்மைப் பெயர் கருப்பழகு என்று ஒப்புக்கொள்கிறான். 'அப்படியானால் சடையமுத்து யார்?' என்று குமாஸ்தா கேட்கிறான்.

'எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை ஒரு கல்லில் பார்த்தேன். அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். அதற்கு உரியவரை நான் கண்டதில்லை. அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.'

வில்லனின் வாயில் என் வார்த்தைகள். அடித்து முடிக்கும்வரை நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கருப்பழகு என்ற பெயர் கருப்பையாவில் பாதி, அழகர்சாமியில் பாதி. அதைச் சேர்த்தது அவரே. என்னிடம் கேட்கவில்லை.

அந்த அத்தியாயம் வெளியான பிறகும் எனக்கு நிம்மதி வந்துவிடவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதாக யாராவது வந்து சொல்வார்கள் என்றே ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். தொலைபேசி மணி அடித்தால் மகளை எடுக்கச் சொல்வேன். ஏழு வாரம் கழித்து ஐயா வீட்டுக்குத் தபாலில் மஞ்சள் தடவிய உறை ஒன்று வந்தது. உள்ளே இருந்த கல்யாணப் பத்திரிகையை, பிழை திருத்துகிறவள் பார்க்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். முதல் வரியிலேயே பாட்டனார் பெயர் இருந்தது, கங்காணி என்ற பட்டத்தோடு.

உறையின் மேல் ஐயா பெயர் மட்டும்தான் இருந்தது. "நீயும் வா" என்றார் ஐயா. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கல்யாணம் பாலிக் புலாவில் அதே மாரியம்மன் கோயிலில், பக்கத்தில் கூடாரம் போட்டு நடந்தது. நான் கல் இருக்கும் பக்கம் திரும்பாமல் ஐயாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தாலி கட்டி முடிந்ததும், பட்டுப்புடவை கட்டிய பருத்த அம்மாள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயாவிடம் வந்தார். மாப்பிள்ளையின் அம்மா.

"நாவாயன் ஐயாதானே? நான் உங்க தீவிர வாசகி. ஒண்ணு கேக்கணும். அந்தச் சடையமுத்து இருக்கானே..."

பின்னாலேயே வந்த தெய்வானையின் முகம் வெளிறியது.

"...அந்தப் பேரைத் திருடின பய! பாவம், யாரோ ஒரு மனுஷன் பேரைக் கெடுத்துட்டான். கருப்பழகு! அவனை எப்பங்கய்யா சாகடிப்பீங்க?"

ஐயா கை கூப்பினார். "சீக்கிரம்மா" என்றார்.

"நல்லா சாகடிங்க லா. தண்ணி கிடைக்காம சாகட்டும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அந்த அம்மாள் போனார். மூன்று வாரம் கழித்து ஐயா அவனை அப்படியே சாகடித்தார். அந்தத் தொடர் புத்தகமாக வந்தபோது முதல் பக்கத்திலிருந்தே அவன் கருப்பழகுதான். துறைமுக விசாரணையும் அதில் இல்லை. இன்றைக்குத் தேடினாலும் அந்த அத்தியாயம் யாருக்கும் கிடைக்காது.

ஐயா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதன் பிறகும் பதினோர் ஆண்டுகள், அவர் கண்ணை மூடும் வரை அங்கேதான் இருந்தேன். ஆனால் ஒரு மாற்றம். முன்பெல்லாம் அட்டையின் மூலையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் என் முகத்தைப் பார்த்து, "எங்கேர்ந்து?" என்று வாய்விட்டுக் கேட்பார். குதிரையின் பெயருக்குக்கூடக் கேட்பார். பதினோர் ஆண்டுகள், நாளுக்கு ஐந்தாறு தடவை. அவர் தண்டனையாக நினைத்துக் கேட்டிருக்க மாட்டார்.

கல்யாணத்தன்று பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். தெய்வானை வந்து பக்கத்துக் குழாயில் நின்றார். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"சாப்பிட்டேன்மா."

குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அந்தக் கல்லை நீங்க முழுசா படிக்கல, இல்ல?"

"மழையில நின்னு பாத்தது. மேல இருக்கிறதை மட்டும்தான் எழுதிக்கிட்டேன்."

"கீழ இன்னொரு பேரு இருக்கு. சின்ன எழுத்துல. அவரோட சம்சாரம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"அதுவும் அழகான பேருதான்" என்றார் தெய்வானை. "அதை யாருக்கும் குடுத்துறாதீங்கக்கா."

அவரை உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். கூட்டம் குறைந்த பிறகு நான் கோயில் வாசலுக்குப் போனேன். கல்லின் அடியில் குனிந்து விரலால் தடவிப் படித்தேன். ஐந்து எழுத்து. உண்மையிலேயே அழகான பெயர். ஐயா வீட்டுத் தகரங்களில் இரண்டாயிரத்துக்கு மேல் அட்டைகள் எழுதியிருக்கிறேன். ராணிகளுக்கும் தோழிகளுக்கும் பெயர் கிடைக்காமல் திண்டாடிய நாட்கள் எத்தனையோ. அந்தப் பெயரை ஒரு நாளும் எழுதவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.